ஓட்டத்தைக் கடைசியில் வையுங்கள்

அத்தியாயம் 11: மறைந்த ஓட்டக்காரரின் குடும்பத்துக்கு உதவுவது எப்படி

போன ஞாயிறு லாங் ரன்னில் கூட ஓடியவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. இரங்கல் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். மாலைக்குள் யாராவது ஒருவர், "அவர் பேர்ல ஒரு ரன் வைக்கலாமே" என்று எழுதுவார். பத்து நிமிடத்தில் ஐம்பது பேர் ஆமோதிப்பார்கள். மறுநாள் காலையில் பேச்சு தேதிக்கும் டி-ஷர்ட் நிறத்துக்கும் போயிருக்கும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. துக்க வீட்டில் அடுப்பெரியாத நாளில் சமைக்கத் தெரிந்தவர் சோறு கொண்டுபோகிறார். ஓடத் தெரிந்தவர் ஓட நினைக்கிறார். ஆனால் சோறு கொண்டுபோகிறவருக்கு அந்த வீட்டில் எத்தனை பேர், பசித்திருப்பது யார் என்று தெரியும். ஓட்டம் நடத்துகிறவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது. ஆகவே இந்த அத்தியாயம் ஒரே ஒரு விஷயத்தை வற்புறுத்துகிறது: செய்ய வேண்டியவற்றின் வரிசையில் ஓட்டத்தைக் கடைசியில் வையுங்கள். அந்தக் குடும்பத்துக்குச் சட்டப்படி வர வேண்டிய பணத்தை வாங்கித் தருவது முதல் வேலை. நாமாகத் திரட்டித் தருவது இரண்டாவது வேலை. ஓட்டம் மூன்றாவது. இந்த வரிசை மாறினால், கூட்டம் நன்றாக நடந்து முடியும், குடும்பம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வர வேண்டிய பணம்

தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து, வருங்கால வைப்பு நிதியில் உறுப்பினராக இருந்த ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்தால், சேர்ந்திருக்கும் வைப்புத் தொகை குடும்பத்துக்கு வரும். தகுதி இருந்தால் குடும்ப ஓய்வூதியமும் உண்டு. இவை பலருக்கும் தெரியும். இவற்றோடு இ.டி.எல்.ஐ. என்ற காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. அடுத்து வங்கி பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். மே மாதக் கடைசியை ஒட்டி 436 ரூபாய் பிடித்திருந்தால் அவர் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் இருந்திருக்கிறார் என்று பொருள். காரணம் எதுவானாலும் இறப்புக்கு 2 லட்சம் ரூபாய். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது சுரக்ஷா விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்தவருக்கு அதிலும் 2 லட்சம். இவை தவிர அலுவலகக் குழுக் காப்பீடு, வீட்டுக் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப்பட்ட பாலிசி, ஏ.டி.எம். அட்டையோடு வரும் விபத்துக் காப்பீடு என்று பல இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் கேட்டால்தான் வரும். சிலவற்றைக் காலக்கெடுவுக்குள் கேட்டால்தான் வரும்.

சாலையில் ஓடும்போது வாகனம் மோதி இறந்தவர் என்றால் நாட்களை எண்ணத் தொடங்க வேண்டும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் சொல்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் இந்த வரம்பு நடைமுறைக்கு வந்தது. மோதிவிட்டு நிற்காமல் போன வாகனம், அடையாளம் தெரியவில்லை என்றாலும் கை விரிக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இறப்புக்கு அதே நாள் முதல் 2 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. முதல் தகவல் அறிக்கை, பிணக்கூறாய்வு அறிக்கை, இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் எல்லாம் இதற்கு வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பதும், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிக்க வரும்போது கூட நிற்பதும் சின்ன வேலைகள்தான். கணவனைப் பறிகொடுத்து இரண்டு வாரம்கூட ஆகாத பெண்ணுக்கு இந்தச் சின்ன வேலைகள்தான் மலை.

இங்கேதான் ஓட்டக் குழுவின் உண்மையான பலம் இருக்கிறது. நம் ஊர் நகரங்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட வருகிறவர்களில் வங்கி அதிகாரி இருப்பார், வழக்கறிஞர் இருப்பார், ஆடிட்டர், மருத்துவர், மனிதவளத் துறைக்காரர், அரசு அலுவலர் எல்லாம் இருப்பார்கள். இவர்களில் நான்கு பேர் ஆளுக்கு மூன்று நாள் ஒதுக்கினால் அந்தக் குடும்பத்துக்கு வந்து சேரக்கூடிய தொகை, எந்த நினைவு ஓட்டமும் திரட்டும் தொகையை எளிதாகத் தாண்டும். "அடுத்த வீட்டுக் காகிதங்களில் நாம் தலையிடலாமா, தப்பாக நினைக்க மாட்டார்களா?" என்ற தயக்கம் நியாயமானது. அதற்கு விடை, தலையிடாமல் கேட்பது. குழுவில் எல்லாரும் போய்க் கேட்கக் கூடாது. குடும்பத்துக்கு ஏற்கெனவே பழக்கமான ஒருவர் போகட்டும். அந்த வீட்டுத் தரப்பில் தம்பியோ மைத்துனரோ ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். காகிதங்கள் அவர் கையில்தான் இருக்க வேண்டும். நம் ஆள் பட்டியல் போட்டுத் தருவார், கூடப் போவார், வரிசையில் நிற்பார். கையெழுத்து, கடவுச்சொல், ஓ.டி.பி. எதையும் கேட்க மாட்டார். இந்த எல்லைக்குள் நின்றால் யாரும் தப்பாக நினைக்க இடமில்லை.

திரட்டும் பணம்

இரண்டாவது வேலையில் முதல் கேள்வி, எப்போது என்பது. ஓட்ட நாளோடு வசூலைக் கட்டிப்போடுவது பெரும்பாலான குழுக்கள் செய்யும் தவறு. 2012 ஏப்ரலில் லண்டன் மாரத்தானில் எல்லைக்கோட்டுக்குச் சுமார் ஒரு மைல் முன்னால் 30 வயதுப் பெண் ஒருவர் விழுந்து இறந்தார். ஓர் அறக்கொடை அமைப்புக்காக 500 பவுண்டு திரட்ட வேண்டும் என்று அவர் இணையத்தில் ஒரு பக்கம் திறந்து வைத்திருந்தார். செய்தி பரவிய சில நாட்களில் அந்தப் பக்கத்தில் 10 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அதற்காக யாரும் எந்த நிகழ்ச்சியும் நடத்தவில்லை. உலகம் முழுவதும் செய்தியான ஒரு மரணத்தின் தொகையை நம் குழுவோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் மனித மனம் போகும் விதம் இரண்டிலும் ஒன்றே. கொடுக்கும் மனம் செய்தி கேட்ட வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். இரண்டு மாதம் கழித்து வரும் ஓட்டத்துக்குக் காத்திருந்தால், அதற்குள் சம்பளம் இரண்டு முறை வந்து செலவாகியிருக்கும். துக்கம் மட்டும் அந்த ஒரு வீட்டில் மிச்சமிருக்கும். ஆகவே குடும்பத்தின் சம்மதம் கிடைத்த உடனே வசூலைத் தொடங்குங்கள். ஓட்டம் பிறகு வரட்டும்.

இரண்டாவது கேள்வி, யாருக்கு என்பது. "குடும்பத்துக்கு" என்ற சொல் அறிவிப்பில் அழகாக இருக்கும், பணம் கைமாறும் நாளில் சண்டையாகும். இறந்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருப்பார்கள், ஊரில் அவர் அனுப்பும் பணத்தை நம்பிப் பெற்றோரும் இருப்பார்கள். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். தந்தை அந்த வகுப்பில் இல்லை. ஆனால் நாம் திரட்டும் பணம் அவருடைய சொத்தே அல்ல. அது கொடுப்பவர் தரும் அன்பளிப்பு. யாருக்கு என்று சொல்லித் தருகிறோமோ அவருக்குத்தான் உரியது. இதனாலேயே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். மனைவியும் பெற்றோரும் தனித்தனி வீட்டில் இருந்தால் இரு தரப்பையும் கேட்டு, விகிதத்தை முடிவு செய்து, அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். "அது அவங்க வீட்டு விஷயம், நாம எதுக்குப் பிரிச்சுச் சொல்லணும்?" என்று கேட்பார்கள். பிரிக்காமல் கொண்டுபோய்ப் போட்டால், யார் கையில் கொடுத்தோமோ அவருக்குச் சாதகமாக நாமே தீர்ப்புச் சொன்னதாகிவிடும்.

மூன்றாவது, எந்தக் கணக்கில் என்பது. இறந்தவரின் கணக்கில் ஒருபோதும் போடச் சொல்லாதீர்கள். இறப்பு வங்கிக்குத் தெரிந்ததும் அந்தக் கணக்கு நிறுத்தப்படும், உள்ளே இருப்பது நியமனதாரர் வழியாகவோ வாரிசுகள் வழியாகவோதான் வெளியே வரும். ஒருங்கிணைப்பாளர் தன் சொந்தக் கணக்கில் வாங்குவதும் சரியல்ல. நேர்மையில் குறை இருப்பதால் அல்ல, அவர் வரவும் குடும்பத்தின் வரவும் ஒரே பக்கத்தில் கலந்துவிடும் என்பதால். குடும்பத்தவர் ஒருவரின் பெயரில் இதற்கென்றே புதிய சேமிப்புக் கணக்கு திறப்பது எல்லாவற்றிலும் சுத்தமான வழி. அன்றாடம் புழங்கும் கணக்கு எண்ணையும் கைபேசி எண்ணையும் பொதுவெளியில் பரப்பினால், பணம் வருகிறதோ இல்லையோ, மோசடி அழைப்புகள் நிச்சயம் வரும். மிலாப், கெட்டோ போன்ற நிதி திரட்டும் தளங்கள் தூரத்து மனிதர்களையும் எட்டும். ஆனால் எவ்வளவு கட்டணம் பிடிப்பார்கள், கொடுப்பவரிடம் தளத்துக்கென்று தனியாகத் தொகை கேட்பார்களா என்பதைத் தொடங்கும் முன்பே படித்துப் பார்க்க வேண்டும்.

நான்காவதாக, வரி. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் ஒருவர் பெறும் அன்பளிப்புப் பணம் மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கருதப்படும். திருமணத்துக்கு வரும் மொய்க்கு இதிலிருந்து விலக்கு உண்டு. துக்கத்துக்கு வரும் உதவிக்குப் பொதுவான விலக்கு இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையான சாதாரண வருமானத்துக்கு வரி விழுவதில்லை என்பதால், வேறு பெரிய வருமானம் இல்லாத மனைவிக்கு வரி கட்ட நேராமல் போகலாம். ஆனாலும் கணக்குத் தாக்கல் செய்வது நல்லது. பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாக வரும் உதவிக்கு விதி வேறு. ஆனால் ஒரு குடும்பத்தின் பெயர் சொல்லித் திரட்டிய பணத்தை அப்படி அனுப்ப அந்த அறக்கட்டளையின் நோக்கங்கள் இடம்கொடுக்குமா என்று ஆடிட்டரைக் கேட்ட பிறகே அந்த வழியில் இறங்குங்கள். 80ஜி வரிச் சலுகை நேரடியாகக் குடும்பத்துக்குக் கொடுப்பவருக்குக் கிடைக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட்ட பழைய உறுப்பினர்கள் கொடுக்க முன்வருவார்கள். இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் குழுவுக்கு அனுப்பினால் ஆகும். எனவே அவர்கள் பணத்தைக் குழுவின் கணக்கில் வாங்காதீர்கள்.

கடைசியாகக் கணக்கு. "போனவருக்காகக் கொடுத்ததுக்கு ரசீதும் கணக்குமா? நண்பர்களுக்குள்ளே இது என்ன நாகரிகம்?" என்று மனம் நொந்து கேட்பவர்கள் இருப்பார்கள். நம் மரபே இதற்கு விடை வைத்திருக்கிறது. துட்டு வாங்கினால் நோட்டில் எழுதுவது நமக்கு அநாகரிகமாகத் தோன்றியதே இல்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்து மொய் விருந்துகளில் கொடுத்தவர் பெயரும் ஊரும் தொகையும் வரி தவறாமல் நோட்டில் ஏறுகின்றன. அந்த நோட்டு இருப்பதால்தான் அந்த ஏற்பாடு உடையாமல் நிற்கிறது. ஆனால் மொய்க்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், ஆகவே யார் எவ்வளவு என்பது முக்கியம். இது திரும்பி வராத பணம். திரும்பி வராத பணத்தில் தனித்தனித் தொகையை வெளியிட்டால், ஆயிரம் கொடுத்தவர் முன்னால் நூறு கொடுத்தவர் கூசுவார், குடும்பமோ காலத்துக்கும் கடன்பட்ட உணர்வோடு அந்தப் பட்டியலைப் பார்க்கும். எனவே மொத்த வரவு, மொத்தச் செலவு, குடும்பத்துக்குச் சேர்ந்தது ஆகிய மூன்று எண்களை மட்டும் எல்லாருக்கும் சொல்லுங்கள். பெயரும் தொகையும் உள்ள முழு நோட்டு, பணத்தில் கை வைக்காத இருவரின் கையெழுத்தோடு குடும்பத்திடம் இருக்கட்டும்.

ஓட்டம்

இப்போது ஓட்டத்துக்கு வரலாம். அதை ஏன் சின்னதாக வைக்க வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லும். ஒரு பேச்சுக்கு, 300 பேர், ஆளுக்கு 800 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். வரவு 2,40,000. டி-ஷர்ட் 250, பதக்கம் 100, பிப்பும் டைமிங் சிப்பும் 120, காலைச் சிற்றுண்டி 80, தண்ணீரும் வாழைப்பழமும் 40 என்றால் ஆளுக்கு 590. மொத்தம் 1,77,000. மேடை, ஒலிபெருக்கி, நடமாடும் கழிப்பறை, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கு 45,000. கையில் மிஞ்சுவது 18,000. ஓடியவர் ஒவ்வொருவரும் 800 ரூபாய் கொடுத்ததாக நினைப்பார். அதில் வீட்டுக்குப் போனது 60 ரூபாய். இன்னொரு விதமாகப் பாருங்கள். சட்டையும் பதக்கமும் இல்லை என்றதும் நூறு பேர் வரவில்லை, 200 பேர்தான் வருகிறார்கள், கட்டணமும் 500 தான். வரவு ஒரு லட்சம். தண்ணீருக்கும் பழத்துக்கும் ஆளுக்கு 30 வீதம் 6,000, ஆம்புலன்ஸுக்கும் முதலுதவிக்கும் அச்சுக்கும் 14,000. மிச்சம் 80,000. கூட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, குடும்பத்துக்குப் போகும் தொகை நான்கு மடங்குக்கு மேல் கூடியது. உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே செய்து பாருங்கள். எண்கள் மாறும், முடிவு அதிகம் மாறாது.

"சட்டை, பதக்கம் இல்லாமல் யார் வருவார்கள்?" என்பது ஒவ்வொரு கூட்டத்திலும் எழும் கேள்வி. கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர் புற்றுநோயால் ஒரு காலை இழந்த பின், 1980-இல் செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய நிலையில் நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார். 1981 ஜூன் 28 அன்று இறந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் பெயரில் நடந்த முதல் ஓட்டத்தில் 3 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள், 35 லட்சம் கனடிய டாலர் சேர்ந்தது. அது போட்டி அல்ல, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. தன் ஓட்டத்தை வைத்து எந்த நிறுவனமும் விளம்பர லாபம் பார்க்கக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார், அவர் பெயரிலான ஓட்டங்களும் அந்த வழியையே பின்பற்றின. அது ஒரு குடும்பத்துக்கான நிதி அல்ல, புற்றுநோய் ஆராய்ச்சிக்கானது. நம் அளவும் வேறு. ஆனால் மறைந்தவர் ஒருவருக்காக ஓட வருகிறவர்களை வரவழைப்பது கையில் கிடைக்கும் பொருள் அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. சட்டைக்காக மட்டுமே வரும் நூறு பேர் வராவிட்டால், மேலே பார்த்தபடி, நட்டம் ஒன்றுமில்லை. செலவு முழுவதையும் ஏற்கிறேன் என்று ஒரு விளம்பரதாரர் வந்தால், தண்ணீர், பழம், ஆம்புலன்ஸ் என்று பொருளாக வாங்கிக்கொள்ளுங்கள். இறந்தவர் படத்தைவிடப் பெரிய பேனரைக் கேட்டால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

அப்படியானால் ஓட்டமே எதற்கு, ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் யு.பி.ஐ.-யில் போட்டுவிட்டு வீட்டில் இருக்கலாமே என்ற எதிர்க் கேள்வி அடுத்து வரும். இது மேலோட்டமான கேள்வி அல்ல. பணம் மட்டுமே நோக்கம் என்றால் ஓட்டம் தேவையில்லைதான். ஆனால் ஓட்டம் செய்வது வேறு காரியம். 2020 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்த அகமது ஆர்பெரி என்ற இளைஞர் துரத்திச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய 26-ஆம் பிறந்தநாளாக இருந்திருக்க வேண்டிய மே 8 அன்று, ஊரடங்குக் காலத்தில், முன்பின் தெரியாதவர்கள் அவரவர் தெருவில் 2.23 மைல் ஓடினார்கள். இரண்டாம் மாதம் இருபத்துமூன்றாம் தேதி என்பதே அந்தத் தூரம். சாலை அடைப்பு இல்லை, மேடை இல்லை, கட்டணமும் இல்லை. ஆனாலும் தனித்தனியாக ஓடியவர்கள் ஒரு செய்தியை நாடு கேட்கச் சொன்னார்கள். உங்கள் ஓட்டத்துக்கும் இப்படி ஒரு தூரத்தைத் தேடுங்கள். அவர் வழக்கமாக ஓடிய பாதை, அவர் வயது, அவர் முடிக்காமல் விட்ட பயிற்சி அட்டவணையின் அடுத்த ஓட்டம், எதுவாகவும் இருக்கலாம். ஊரைவிட்டுப் போனவர்களும் தாங்கள் இருக்கும் இடத்திலேயே ஓடலாம். இன்னொரு பயனும் உண்டு. நாலு பேர் பார்க்கச் சேர்ந்து நின்றவர்கள், ஆறு மாதம் கழித்து அந்த வீட்டை மறந்துவிட்டோம் என்று சொல்லக் கூசுவார்கள்.

ஆனால் இந்த மூன்றாவது வேலைக்குக் குடும்பத்தின் சம்மதம் தனியாக வேண்டும். பணத்துக்குச் சரி சொன்னவர்கள் ஓட்டத்துக்குச் சரி சொல்லாமல் இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது இறந்தவர் என்றால், அந்த வீட்டுக்கு ஓட்டம் என்ற சொல்லே ஆகாமல் போயிருக்கலாம். "ஓடாமல் இருந்திருந்தால் இருந்திருப்பான்" என்று தாயார் அழும்போது புள்ளிவிவரம் சொல்லித் திருத்துவது நம் வேலை அல்ல. பதினாறாம் நாள் காரியமோ, நாற்பதாம் நாளோ, அந்த வீட்டு வழக்கம் எதுவோ அது முடியட்டும். பிறகு பழக்கமான ஒருவர் போய்க் கேட்கட்டும்: "அக்கா, அவர் பேர்ல ஒரு ஓட்டம் வைக்கலாமான்னு பசங்களுக்கு ஓர் எண்ணம். உங்களுக்கு வேணாம்னு தோணினா விட்டுடறோம். பணம் சேர்க்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அது பாட்டுக்கு நடக்கும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதைச் சொல்லாவிட்டால், பணம் வேண்டுமென்றால் ஓட்டத்துக்கும் தலையாட்ட வேண்டும் என்று அவர் நினைத்துக்கொள்வார். சம்மதம் கிடைத்தாலும், அவர் மேடை ஏற வேண்டும், பிள்ளைகள் கொடியசைக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிள்ளைகளின் படம் சுவரொட்டியில் வேண்டாம். அட்டைக் காசோலையை நீட்டிப் படம் எடுப்பதும் வேண்டாம். இறப்பின் காரணத்தைக் குடும்பம் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொல்கூடப் பேச வேண்டாம்.

செலவைக் குறைக்கச் சொல்லும் இந்த அத்தியாயம் ஓர் இடத்தில் மட்டும் குறைக்கக் கூடாது என்கிறது. அது பாதுகாப்பு. அமெரிக்காவில் 2000 முதல் 2010 மே வரை நடந்த மாரத்தான், அரை மாரத்தான் ஓட்டங்களில் கலந்துகொண்ட சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்ததில், 59 பேருக்கு ஓட்டத்தின்போதோ முடித்த சற்று நேரத்திலோ இதயம் நின்றது. அவர்களில் 42 பேர் இறந்தார்கள். அபூர்வமான நிகழ்வுதான். ஆனால் நேரும்போது, பக்கத்தில் இருப்பவர் உடனே நெஞ்சை அழுத்தி இதய மீட்புச் சிகிச்சை தொடங்கியதுதான் பிழைத்தவர்களையும் பிழைக்காதவர்களையும் பிரித்தவற்றில் முக்கியமானது. நினைவு ஓட்டத்தில் பயிற்சி விட்டுப்போன பழைய நண்பர்களும், பழக்கமே இல்லாத அலுவலகக்காரர்களும் உணர்ச்சிவேகத்தில் வந்து சேர்ந்துகொள்வார்கள். ஆகவே தூரம் ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கட்டும், நடப்பவர்க்கும் இடம் இருக்கட்டும். வெயில் ஏறும் முன் முடியும்படி விடியலில் தொடங்குங்கள். காவல்துறை அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்பது தண்ணீர் தரும் தன்னார்வலருக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டும். தொடங்கும் முன் மேடைப் பேச்சுக்கு ஒதுக்கும் கால் மணி நேரத்தை, நெஞ்சை அழுத்தும் முறையைக் கற்றுத்தர ஒரு மருத்துவருக்குக் கொடுங்கள்.

இவ்வளவும் சேர்ந்தால் அறிவிப்பு நான்கு வரியில் முடிந்துவிடும். மாதிரிக்கு: "இந்த நிதி நம் நண்பரின் மனைவிக்கும் இரு பிள்ளைகளுக்கும் முக்கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு என்று சேரும். வசூல் இந்த மாதம் 30-ஆம் தேதியோடு முடியும். ஓட்டச் செலவு 20,000 ரூபாயைத் தாண்டாது, தாண்டினால் ஒருங்கிணைப்பாளர்கள் பொறுப்பு. கணக்கு, ஓட்டம் முடிந்த பத்தாம் நாள் வெளியாகும்." எவ்வளவு திரட்டப்போகிறோம் என்ற இலக்கு இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இலக்கு எட்டாவிட்டால் இறந்தவருக்கு மதிப்பு அவ்வளவுதான் என்று ஒரு வீடு நினைத்துக்கொள்ளும்படி நாம் எதையும் எழுதக் கூடாது.

ஓட்டம் முடிந்த பிறகு

எல்லாவற்றிலும் கடினமான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. "போன வருஷம் இன்னொருத்தர் இறந்தாரே, அவருக்கு ஏன் எதுவும் செய்யவில்லை?" வேகமாக ஓடியவர், படங்களில் சிரித்தவர், எல்லாரோடும் பேசியவர் இறந்தால் ஊர் கூடுகிறது. பின்வரிசையில் தனியாக ஓடிவிட்டு ஆட்டோ ஓட்டப் போனவர் இறந்தால் இரங்கல் வரிகளோடு முடிகிறது. தேவை அதிகம் இருந்தது இரண்டாவது வீட்டில்தான். இந்த ஆட்சேபத்துக்கு வாயால் பதில் இல்லை, விதியால்தான் பதில். எந்த உறுப்பினர் இறந்தாலும் முதல் வேலையும் இரண்டாவது வேலையும் தானாக நடக்கும், மூன்றாவது குடும்பத்தின் விருப்பம் என்று குழு இன்றே எழுதி வைத்துக்கொள்ளலாம். ஓட்டத்தை முதலில் வைக்கும் குழு ஆளைப் பார்த்துத்தான் உதவும், ஏனென்றால் கூட்டம் ஆளைப் பார்த்துத்தான் வரும். ஓட்டத்தைக் கடைசியில் வைக்கும் குழுவால்தான் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ள முடியும்.

பணத்தைச் சேர்ப்பித்த நாளில் வேலை முடிந்துவிடாது. அதை எப்படி வைத்துக்கொள்வது என்று அறிவுரை சொல்ல நமக்கு உரிமை இல்லை. கேட்டால் சொல்ல ஆள் இருக்க வேண்டும். சில மாதச் செலவுக்குக் கையில் எவ்வளவு, மீதி வங்கி வைப்பிலா அஞ்சலகத்திலா, பத்து வயது ஆகாத மகள் இருந்தால் தாய் திறக்கக்கூடிய செல்வமகள் கணக்கில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாமா என்பதையெல்லாம் அமைதியாக உட்கார்ந்து பேச ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் நாட்காட்டியில் இரண்டு குறிப்புகள் போதும்: ஆறாம் மாதம், வர வேண்டிய பணமெல்லாம் வந்ததா என்று பட்டியலைச் சரிபார்ப்பது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன், கட்டணத்துக்கு என்ன வழி என்று ஒரு வார்த்தை கேட்பது. அடுத்த ஞாயிறு லாங் ரன் முடிந்து டீ குடிக்க நிற்கும்போது, உயிரோடு இருக்கும் உறுப்பினர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயர் இருக்கிறதா? அந்த 436 ரூபாய் காப்பீட்டில் சேர்ந்தாயிற்றா? பாலிசிக் காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியுமா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்பவர்கள் குழுவில் எத்தனை பேர் என்று எண்ணி எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி எண்ணுங்கள்.